உங்கள் ஊருக்கு விமான நிலையம் வருகிறதா? சூழல் அறிக்கையைத் தண்ணீரிலிருந்து படியுங்கள்

புது விமான நிலையத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள், முப்பதாவது பக்கத்துக்குள் களைத்துப்போய் மூடி வைத்துவிடுவார்கள். குற்றம் அவர்கள்மேல் இல்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள், பாதிக்குப் பாதி அட்டவணை, முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், தமிழில் கிடைப்பது சில பக்கச் சுருக்கம் மட்டும், அதுவும் வாய்விட்டுப் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் தமிழ். அதனால் வரிசையாகப் படிக்காதீர்கள். ஏரிப் பாசனம் உள்ள நம் பக்கத்து நிலத்தில் விமான நிலையம் கட்டப்போகிறார்கள் என்றால் முதலில் தண்ணீரைப் பற்றிய பகுதியைத் திறங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஓடுபாதை செய்யும் பெரிய சேதம் மதில்சுவருக்கு உள்ளே நடப்பதில்லை, கீழ்க்கோடியில் இருக்கும் ஊரில்தான் நடக்கும். அந்த ஊரின் பெயர் அறிக்கையில் இருக்கிறதா என்பதே என் முதல் கேள்வி.

பேச வசதியாகப் பரந்தூரை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கென 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட இடம். அறிவிப்பு வந்தபோது 13 ஊர்களின் பெயர் அடிபட்டது, ஏகனாபுரம் மக்கள் அன்று தொடங்கிய போராட்டம் வருடக்கணக்கில் நீண்டது. நிலம் நன்செய், நடுவே ஏரிகள், தாங்கல் எனப்படும் சின்ன ஏரிகள், பாலாற்றுத் தண்ணீரை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொண்டுபோகும் கம்பன் கால்வாய். நீரியல் நிலையை ஆராய அரசே ஒரு நிபுணர் குழுவை அமைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே சிக்கல் எங்கே என்று புரிந்துகொள்ளலாம். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று இங்கே பட்டிமன்றம் நடத்தப்போவதில்லை. அறிக்கை ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்று எப்படிப் பார்ப்பது, அதுதான் விஷயம்.

சட்டம் பற்றி நாலு வரி போதும். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் விமான நிலையங்கள் 7(அ) என்ற இனத்தில், 'ஏ' பிரிவில் வருகின்றன. அதாவது முடிவு எடுப்பது மாநிலம் இல்லை, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அதன் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் பரிந்துரையின்மேல். முதலில் படிவம் 1 என்ற விண்ணப்பம், அப்புறம் ஆய்வு வரம்பு (எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று அமைச்சகம் தரும் பட்டியல்), அதன்படி வரைவு அறிக்கை, கருத்துக்கேட்புக் கூட்டம், இறுதி அறிக்கை, அனுமதி. இந்தக் காகிதங்கள் எல்லாம் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறும். அறிக்கையை மட்டும் இறக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், படிவம் 1-உம் ஆய்வு வரம்புக் கடிதமும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பெரிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டது அங்கேதான்.

கோவாவின் மோபா விமான நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சூழல் ரீதியாக முக்கியமான இடங்கள் 15 கிலோமீட்டர் சுற்றளவில் எவை எவை என்று படிவம் 1 நேராகவே கேட்கிறது. காப்புக்காடுகள், நீர்நிலைகள், மேற்குத் தொடர்ச்சி மலையில் சூழல் எளிதில் கெடக்கூடிய கூருணர்வுப் பகுதிகள் ஆகியவற்றை ஒழுங்காகச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று சொல்லி 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் கூடுதல் நிபந்தனைகளோடு தடை நீங்கி, நிலையமும் கட்டி முடிந்து விமானமும் பறக்கிறது, அது வேறு. ஆனால் சில பக்கப் படிவத்தில் விட்ட தகவலுக்காக அவ்வளவு பெரிய வேலை மாதக்கணக்கில் நின்றதே, அதைக் கவனியுங்கள்.

கேரளத்தின் ஆரன்முளையில் இன்னும் ஒருபடி மேலே. விமான நிலையத் துறைக்கு உரிய தகுதி இல்லாத ஆலோசனை நிறுவனம் அறிக்கை தயாரித்தது, கருத்துக்கேட்பும் ஒழுங்காக நடக்கவில்லை என்று 2014 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியையே ரத்து செய்தது, உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. ஆகவே அறிக்கையின் அட்டையில் இருக்கும் ஆலோசகர் பெயரைப் பாருங்கள், அங்கீகாரம் விமான நிலையத்துக்கு உண்டா, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று, ஆலோசகர்களுக்கு அங்கீகாரம் தரும் இந்தியத் தரச் சபையின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

தண்ணீர்

இனி விஷயத்துக்கு வருவோம். அறிக்கையில் ஒரு வரைபடம் இருக்கும், திட்டப் பகுதிக்குச் சிவப்புக் கோடு போட்டு, நீர்நிலைகளுக்கு நீல நிறம் அடித்திருப்பார்கள். அந்த வரைபடத்தை நம்பி உட்காராதீர்கள், செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் தெரியும் இடம் மட்டும்தான் அதில் நீலமாக இருக்கும். வருவாய்த் துறையின் ஏ-பதிவேட்டை எடுங்கள், கிராம வரைபடத்தையும் புல வரைபடங்களையும் பக்கத்தில் வையுங்கள். ஏரி, தாங்கல், குட்டை, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் என்று புறம்போக்கு ஒவ்வொன்றும் சர்வே எண்ணோடு அதில் இருக்கும். ஒரு நோட்டில் சர்வே எண், பரப்பு, வகை என்று மூன்று பத்தி போட்டு எழுதிக்கொண்டு அறிக்கையின் பட்டியலோடு சரிபாருங்கள். ஏரிகளை அநேகமாக விடமாட்டார்கள், விட்டால் உடனே தெரிந்துவிடும். விடுபடுவது வாய்க்கால்கள்தான். இரண்டு மீட்டர் அகலம்கூட இல்லாத வரத்துக் கால்வாய், முள்செடி மண்டிக் கிடக்கும், படத்தில் ஒன்றும் தெரியாது, ஆனால் மழைக்காலத்தில் மேல் ஏரியின் கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) வழிந்து கீழ் ஏரிக்கு உயிர் கொடுப்பது அதுதான்.

அப்புறம் ஊரில் வயதானவர்களோடு ஒருநாள் நடங்கள், குறிப்பாக நீர் பாய்ச்சும் வேலை பார்த்த ஆட்கள் இருந்தால். எந்த ஏரி நிறைந்தால் எந்த ஏரிக்குப் போகும், கலங்கல் எந்தப் பக்கம், மதகு எத்தனை, பெருமழையில் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு எந்த வழியில் போனது என்று கேட்டு ஒரு சங்கிலியாக வரையுங்கள். பிறகு அதன்மேல் ஓடுபாதையை வையுங்கள். சங்கிலி எங்கே அறுகிறது, அறுந்த இடத்துக்குக் கீழே எத்தனை ஏரி, எத்தனை ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரிகளை நம்பிய பாசன நிலம்? இந்த எண் அறிக்கையில் இல்லை என்றால் தண்ணீர் அத்தியாயம் முடியவில்லை என்றே பொருள், அது எத்தனை பக்கம் இருந்தாலும் சரி.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 1,000 ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ 40 கோடி லிட்டர், மில்லியன் கன அடியில் சொன்னால் 14-க்குக் கொஞ்சம் மேல். வயலாக இருக்கும்போது வரப்புக்குள் நின்று, ஊறி, மிச்சம் மெதுவாக வடியும். கான்கிரீட்டும் தாரும் ஆனபிறகு பெரும்பகுதி சில மணி நேரத்தில் ஓடிவிடும். எங்கே ஓடும்? எத்தனை ஏக்கருக்குத் தளம் போடுகிறார்கள், வடிகால் எந்த ஓடையில் போய் விழுகிறது, அந்த ஓடை தாங்கும் கொள்ளளவு என்ன, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழையை வைத்து வடிவமைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாற்றின்மேல் பாலம் கட்டி இரண்டாவது ஓடுபாதையை நீட்டியிருந்த மீனம்பாக்கம் நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2018 வெள்ளத்தில் பெரியாற்றங்கரைப் பக்கம் இருக்கும் கொச்சி நிலையம் ஆகஸ்ட் 15-இல் மூடி 29-இல்தான் திறந்தது. வருடச் சராசரி மழையை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் அறிக்கைக்கு இந்த இரண்டு ஊர்ப் பெயரையும் சொன்னால் போதும்.

மண் எங்கிருந்து?

இதை யாரும் கேட்பதில்லை, எனக்கோ இது பெரிய விஷயமாகப் படுகிறது. தாழ்ந்த நன்செய் நிலத்தில் விமான நிலையம் கட்டினால் மேடாக்கியே ஆக வேண்டும். ஒரு ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்த 4,047 கன மீட்டர் மண் வேண்டும், நம் லாரிக்காரர் கணக்கில் (ஒரு யூனிட் 100 கன அடி) 1,430 யூனிட். நாலு யூனிட் டிப்பர் என்றால் 357 லோடு. இது ஒரே ஏக்கருக்கு. 1,000 ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்த மூன்றரை லட்சம் லோடுக்கு மேல், அதுவும் மண்ணை இறுக்கும்போது அமுங்குவதைச் சேர்க்காமல். இந்த மண் எந்தக் குவாரியிலிருந்து, எந்த ஏரியின் வயிற்றிலிருந்து, எந்த மலையிலிருந்து வருகிறது? எந்த ரோட்டில், எந்தப் பள்ளிக்கூட வாசல் வழியாக? "அரசு அனுமதி பெற்ற குவாரிகளிலிருந்து பெறப்படும்" என்ற ஒரு வரியோடு முடித்திருப்பார்கள். அது பதில் ஆகாது. குவாரியின் பெயர், அதில் மிச்சம் இருக்கும் அளவு, தூரம், ஒரு நாளைக்கு எத்தனை லோடு, எல்லாம் வேண்டும். தூசு மாசுக் கணக்கும் அந்த லாரி எண்ணிக்கையில்தான் நிற்கிறது.

எந்த மாதத்தில் அளந்தார்கள்?

அடிப்படைத் தகவல் திரட்ட, மழைக்காலம் தவிர்த்த ஏதாவது ஒரு பருவம் போதும் என்று நடைமுறை அனுமதிக்கிறது. அநேகம் பேர் தேர்ந்தெடுப்பது மார்ச் முதல் மே வரை. வேலை செய்ய வசதி, பாதை காய்ந்திருக்கும். ஆனால் காஞ்சிபுரம் பக்கத்து ஏரி சித்திரையில் எப்படி இருக்கும், மார்கழியில் எப்படி இருக்கும்? கோடையில் போய் நின்றால் வெடித்த களிமண்ணும் சீமைக் கருவேலமும் நாலு மாடும்தான். "பறவைகள்: காகம், மைனா, கொக்கு, கரிச்சான்" என்று பட்டியல் முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அதே ஏரியில் நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, வலசை வரும் வாத்துகள் எல்லாம் இறங்கும். ஆகவே பட்டியலுக்கு முன்னால் தேதியைப் பாருங்கள். குளிர்கால மாதங்களில் ஒரு நல்ல கேமராவோடு நீங்களே போய், நாள், நேரம், ஏரிப் பெயர் போட்டுப் படம் எடுத்து வையுங்கள், இணையத்தில் பறவை ஆர்வலர்கள் பதிந்த பட்டியலும் கிடைக்கும். கருத்துக்கேட்பில் இதைப் போன்ற சாட்சி வேறு இல்லை.

நிலத்தடி நீர் அளவும் இதே கதை. ஒரே ஒரு பருவத்து அளவை வைத்துக்கொண்டு ஆண்டு முழுக்கச் சொல்லிவிடுவார்கள்.

காப்பி அடித்த பகுதிகள் இருக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள். ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்க அறிக்கையில் ரஷ்யச் சுரங்க அறிக்கையின் பத்திகள் அப்படியே இருந்தது நாடறிந்த கதை. விமான நிலைய அறிக்கையில் "சுரங்கக் கழிவு" என்றோ, நம் பக்கம் இல்லவே இல்லாத மரத்தின் பெயரோ வந்தால் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தியாயங்களை ஒன்றோடு ஒன்று மோதவிடுங்கள்

நிபுணராக இல்லாத நமக்குக் கைகொடுக்கும் வழி இதுதான். ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனி ஆள் எழுதியது, ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது.

நீர்நிலைகளை இழந்தால் ஈடாகப் பக்கத்திலேயே புது ஏரி வெட்டுவோம், இருப்பதை ஆழப்படுத்துவோம் என்று ஒரு இடத்தில் இருக்கும். பாதுகாப்பு அத்தியாயத்தில், விமானத்தில் பறவை மோதாமல் இருக்க ஓடுபாதையைச் சுற்றிப் பறவைகளை ஈர்க்கும் எதுவும் இருக்கக் கூடாது என்று இருக்கும். சர்வதேச வழிகாட்டலில் இதற்காகப் பார்ப்பது நிலையத்தைச் சுற்றி 13 கிலோமீட்டர் வட்டம். குப்பை கொட்டுவதற்கும் திறந்தவெளியில் ஆடு மாடு வெட்டுவதற்கும் 10 கிலோமீட்டருக்குள் தடை என்று நம் விமான விதிகளும் சொல்கின்றன. அப்படியென்றால் தண்ணீர் நிறைந்த புது ஏரி ஓடுபாதைப் பக்கத்தில் எப்படி இருக்க முடியும்? ஏரி வந்தால் பறவை வரும், பறவையை விரட்டினால் அது ஏரியாக இருக்காது. வெட்டிய மரத்துக்குப் பத்து மடங்கு நடுவோம் என்ற வாக்குறுதிக்கும் இதே கேள்விதான்: எங்கே, எந்தச் சர்வே எண்ணில்?

இன்னொன்று, பயணிகள் எண்ணிக்கை. திட்டத்தின் பலன்களைப் பேசும் இடத்தில் முழுக் கொள்ளளவைப் போடுவார்கள், பரந்தூருக்கு ஆண்டுக்கு 10 கோடி பயணிகள் என்று பேசியது போல. ஒலி, காற்று, கழிவுநீர்க் கணக்கில் அதே எண்ணா இருக்கிறது, இல்லை முதல் கட்டத்துக்கான சின்ன எண்ணா? வரவு முழுசாகவும் செலவு கால்வாசியாகவும் இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் எத்தனை லட்சம் லிட்டர் தண்ணீர் தேவை, எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதையும் முழுக் கொள்ளளவுக்குக் கேட்க வேண்டும், ஏனென்றால் ஓடுபாதை ஒருமுறை வந்துவிட்டால் திரும்பிப் போகாது.

இரைச்சல்

குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் வரம்பு. அறிக்கையில் ஓடுபாதையைச் சுற்றி வெங்காயத்தை வெட்டியது போல வளையம் வளையமாக ஒலி வரைபடம் இருக்கும். அதில் பெரும்பாலும் இருப்பது சராசரி. சராசரியை வைத்துக்கொண்டு யாரும் தூங்குவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தலைக்குமேல் போகும் ஒரு விமானம் எழுப்பும் உச்ச ஒலி என்ன, இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை எத்தனை விமானம், காற்று திசை மாறினால் எந்த ஊர்மேல் ஏறும்? பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம் எந்த வளையத்துக்குள் இருக்கிறது என்று நீங்களே கிராம வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்.

கார்பன் கணக்கு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு. பல அறிக்கைகள் கணக்கெடுப்பது கட்டடத்தின் மின்சாரம், தரையில் ஓடும் வண்டிகள், ஏறி இறங்கும்போது எரியும் கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான். கூரையில் சூரியப் பலகை போட்டால் "பசுமை விமான நிலையம்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். கொச்சி 2015-லேயே முழுக்க சூரிய மின்சாரத்துக்கு மாறியது பாராட்டத்தக்கது, அது கட்டடத்துக்கான கணக்கு, பறக்கும் விமானத்துக்கு இல்லை.

வேறு இடம் பார்த்தார்களா?

மாற்று இடங்கள் பற்றிய அத்தியாயம் இருந்தே ஆக வேண்டும். பரந்தூர், பன்னூர், படாளம், திருப்போரூர் என்று நாலு இடம் பேசப்பட்டு, கடைசியில் முதல் இரண்டு மிஞ்சின. ஒப்பீட்டு அட்டவணையில் வீடுகளின் எண்ணிக்கை, நிலத்தின் விலை, தூரம் எல்லாம் இருக்கும். ஏரிகளின் எண்ணிக்கையும் ஆயக்கட்டும் ஒரு பத்தியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் நிலையத்தையே விரித்தால் என்ன என்பதும் ஒரு மாற்றுதான். ஏற்கனவே உள்ள நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் புதிது கட்டினால் அதன் விளைவைத் தனியாக ஆராய வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் புதிய விமான நிலையக் கொள்கையே சொல்கிறது.

தேவை உண்மையா என்பதும் சூழல் கேள்விதான், குறிப்பாகச் சின்னப் பிராந்திய நிலையங்களுக்கு. காலியாகக் கிடக்கும் ஓடுபாதைக்காக ஒரு காட்டை அழிப்பது எவ்வளவு அபத்தம் என்று பார்க்க இலங்கையின் மத்தள விமான நிலையம் வரை போனால் போதும். 2013 மார்ச்சில் திறந்தார்கள், யானைகள் திரியும் அம்பாந்தோட்டைக் காட்டோரத்தில். விமானங்கள் வரவில்லை, மிருகங்கள் வந்தன. 2016-இல் யானை, எருமை, மான் ஆகியவற்றை ஓடுபாதைப் பக்கத்திலிருந்து விரட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட ராணுவத்தினரையும் காவலர்களையும் இறக்க வேண்டியிருந்தது, சரக்கு மண்டபத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகும் முன்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்போடு நாளிதழில் விளம்பரம் போட வேண்டும். ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் இங்கெல்லாம் வரைவு அறிக்கை பார்வைக்கு இருக்க வேண்டும். இருந்ததா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள், இல்லையென்றால் அன்றைக்கே மனு எழுதிக் கொடுத்து முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் கோபமாகப் பேசலாம், யாரும் தடுக்க முடியாது, ஆனால் கோபம் நடவடிக்கைக் குறிப்பில் "சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒரு வரியாகச் சுருங்கிவிடும். "அறிக்கையின் இந்தப் பக்கத்தில் இந்தச் சர்வே எண்ணில் உள்ள வாய்க்கால் விடுபட்டிருக்கிறது, அது இந்த ஏரிக்குத் தண்ணீர் தருகிறது, ஆயக்கட்டு இவ்வளவு" என்று சொன்னால் சுருக்க முடியாது, திட்டக்காரர் பதில் எழுதியே ஆக வேண்டும். பேசுவதையே எழுத்திலும் கொடுங்கள். தனித்தனியாக ஆளுக்கு ஒரு பிரச்சினை என்று பிரித்துக்கொள்வது நல்லது, பத்துப் பேர் ஒரே விஷயத்தைப் பேசினால் அது ஒரு விஷயமாகத்தான் பதிவாகும். கூட்டம் வீடியோ எடுக்கப்பட வேண்டும், முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டி ஆட்சியரோ அவர் சார்பில் தலைமை வகித்தவரோ கையெழுத்திட வேண்டும். நிறையப் பேர் பேசி முடித்ததும் எழுந்து போய்விடுகிறார்கள், வாசிக்கும்போது கேட்க ஆள் இல்லை. கடைசிவரை நாலு பேராவது உட்கார்ந்து, தங்கள் பேச்சு அதில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

இறுதி அறிக்கை வந்ததும், நீங்கள் கேட்டதற்கு எழுதிய பதிலைத் தேடிப் படியுங்கள். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று இருந்தால் அது பதில் இல்லை என்று நிபுணர் குழுவின் செயலருக்கு உடனே எழுதலாம், குழுக் கூட்டத்தின் தேதியும் நிகழ்ச்சிநிரலும் பரிவேஷில் முன்கூட்டியே வரும்.

அனுமதி கொடுத்துவிட்டால் அந்த ஆணையின் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள், அதற்குமேல் ஒருநாள் போனாலும் கதவு மூடிவிடும். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. ஆணையின் பின்னால் இருக்கும் நிபந்தனைகளில் பொதுவானவை எல்லாத் திட்டத்துக்கும் ஒன்றுதான், அவற்றைத் தள்ளிவிட்டு இந்தத் திட்டத்துக்கென்று போட்ட சிறப்பு நிபந்தனைகளை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திட்டக்காரர் இணக்க அறிக்கை தர வேண்டும். அது வரும்போது உங்கள் நோட்டில் இருக்கும் அந்த வாய்க்கால்களுக்கு நேரில் போய், நிபந்தனையில் சொன்ன மாற்று வழி வெட்டியிருக்கிறதா, மழைக்கு முன்னால் தண்ணீர் போக இடம் விட்டிருக்கிறார்களா என்று படம் எடுத்துத் தேதி போட்டு அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்துக்கு அனுப்புங்கள். புரட்டாசியிலேயே போவது நல்லது, ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பொக்லைன் உள்ளே இறங்காது.